மேசையில் ஜெயித்த பொய்மீன்

ஹௌக்கா ஏரிக்கரை,
மே மாதக் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் கைசுவுக்கு,

நீயும் மாப்பிள்ளை கிரெக்கும் குழந்தையும் அந்த ஆஸ்திரேலிய வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே ஏரியில் பனிக்கட்டி முழுக்க உருகிவிட்டது, கரையோர மரங்கள் துளிர்த்துவிட்டன, இடது முட்டியைத் தவிர நான் சுகம், உன் அப்பாவும் சுகம். அப்பா சுகம் என்று இந்தக் குளிர்காலம் முழுக்க பல்லைக் கடித்துக்கொண்டுதான் உனக்கு எழுதி வந்தேன், இன்றைக்குத்தான் மனசார எழுதுகிறேன், அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இவ்வளவு தாளை எடுத்து வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்ல முடியாது, போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, பக்கவாதம் அவருக்கு எதை எடுத்துக்கொண்டாலும் காதை மட்டும் தொடவில்லை.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், அப்பா எவ்வளவு சாந்தமாகிவிட்டார், போனில் எதைச் சொன்னாலும் நல்லது நல்லது என்கிறார், நோய் வந்ததிலும் ஒரு நன்மை இருக்கிறது பார் அம்மா என்று. அதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து விறகுப் பெட்டிமேல் வைத்தேன். அடுப்புக்குள் போடாததற்கு நீ நான் பெற்ற மகள் என்பது ஒன்றுதான் காரணம். ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டரும் இதையேதான் சொன்னான், நோயாளியின் எரிச்சல் குறைந்திருக்கிறது, நல்ல அறிகுறி என்று. அவனுக்கு உன் அப்பா அர்மாஸ் யார் என்று தெரியாது, படித்த புத்தகத்தைப் பார்த்துப் பேசுகிறான், போகட்டும். உனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் கைகுலுக்கிவிட்டு, கையா இது, ஊறவைத்த துணி என்று சபை நடுவே சொன்ன மனுஷர். நம் பாதிரியார் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, வாசலிலேயே அவரை நிறுத்தி, அடிவயிற்றில் ஈயம் போதாத தூண்டில் மீன் மாதிரி பேச்சு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருள்கிறது என்று சொன்னவர். எதிலும் குற்றம் காணாமல் அவருக்குக் காலைக் காப்பி இறங்காது. நாற்பது வருஷமாக அந்த வாயோடு சண்டை போட்டுத்தான் நான் என் நாக்கைத் தீட்டிக்கொண்டேன். அந்த மனுஷர் இலையுதிர் காலத்தில் படகுக் கொட்டகையில் விழுந்தார், எழுந்தபோது வலது கை தொங்கிப் போயிருந்தது, பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக நொண்டி நொண்டி வந்தது, அதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். வந்த வார்த்தை என்ன தெரியுமா? நல்லது. கஞ்சி கருகியிருந்தாலும் நல்லது. பக்கத்து வீட்டுக்காரன் படகுக்குத் தக்காளிச் சிவப்பில் பெயிண்ட் அடித்துவிட்டுக் காட்ட வந்தால் நல்லது. பார்க்க வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையாட்டி ஒரு சிரிப்பு, கடைவாயில் எச்சில் வழிய. வாடகைக்கு வந்து தங்கியிருக்கிற யாரோ ஒரு மரியாதைக்காரர் மாதிரி இருந்தார். வீட்டில் அப்படி ஓர் அந்நியரோடு நான் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன் கைசு, நீ அதைச் சாந்தம் என்று எழுதுகிறாய்.

சரி, கழகத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. நீ போன பிறகு நம் பொய்மீன் கழகம் எப்படி ஆகிவிட்டது என்று உனக்குத் தெரியாது. அப்பாவும் சுலோ மாமாவும் இன்னும் சிலரும் தீயணைப்பு நிலைய மாடியில் வியாழக்கிழமை கூடி, தூண்டில் நூலில் கட்டி இழுக்கிற பொய்மீனை மரத்தில் செதுக்கிக்கொண்டிருந்தவரைக்கும் அது மீன்பிடிப்பவர்கள் கூட்டமாக இருந்தது. இப்போது தலைவர் ஹெய்மோ டாக்டர். பல் டாக்டர், ஹெல்சிங்கியில் ஓய்வுபெற்று இங்கே வந்து வீடு கட்டியவர். பல்லைக் குடைகிற கருவியால் மீனுக்குச் செதில் குடைகிறார். முட்டைக் கரு மாதிரிக் கண் ஒட்டுகிறார், கல்யாணப் பெண்ணின் முகத்திரைத் துணியை மரத்தின் மேல் போர்த்தி அதன் துளைகள் வழியே வண்ணம் ஊதிச் செதில் வரிசை எடுக்கிறார், அதற்கு மேல் கண்ணாடி மாதிரி இறுகுகிற எப்பாக்ஸி பூச்சு. பூச்சு வழியாமல் இருக்க, இறைச்சியைச் சுழற்றிச் சுடுகிற பழைய மோட்டாரில் மீன்களைக் குத்தி இராத்திரி முழுக்கச் சுற்றவிடுகிறார். காய்ந்ததும் தேய்த்து மறுபடி ஒரு பூச்சு, மறுபடி ஒன்று. கடைசியில் விளக்குக்குக் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆழம் பாருங்கள், ஆழம் பாருங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். மீன் போகிற ஆழம் இல்லை, வார்னிஷின் ஆழம். அவர்கள் செய்வதில் பாதி தண்ணீரையே பார்ப்பதில்லை, பார்த்தால் கீறல் விழுந்துவிடுமாம். ஒருவர் தன்னுடையதை வெல்வெட் பெட்டியில் வைத்துக் கிறிஸ்துமஸுக்கு மாமியாருக்குக் கொடுத்தார். அந்த அம்மாள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு கோயிலுக்கு வந்தாள், கொக்கியைக் கழற்ற வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை, பாட்டுப் புத்தகத்தில் மாட்டிக்கொண்டது. இப்படிப்பட்ட கூட்டம்.

உன் அப்பா செய்கிற விதம் உனக்கு ஞாபகம் இருக்கும். பைன் மரத்தின் தடித்த பட்டை, சாக்லேட் சுற்றி வந்த வெள்ளித்தாள், முதுகில் ஒரே கறுப்புக் கோடு, தரைக்குப் பூசுகிற வார்னிஷில் ஒரு முக்கு. வாலைப் பிடித்துக் கொடியில் தொங்கவிட்டு, மூக்கில் திரள்கிற சொட்டை விரலால் துடைத்துவிடுவார், அவ்வளவுதான். மேசைமேல் வைத்தால் எரிந்த தீக்குச்சிக்கு ரோஷம் வந்தது மாதிரி இருக்கும். தண்ணீரில் போட்டால் குண்டியை ஆட்டிக்கொண்டு போகும், ஏரியின் பெரிய பைக் மீன்கள் அதை உயிருள்ளது என்று நினைத்துப் பாய்ந்தன என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, நானே சிலமுறை நினைத்திருக்கிறேன். மார்ச் மாதத்தில் மீன்களை மேசைமேல் பரப்பி ஓட்டுப் போடுகிற கழகத்து மேசைப் போட்டி நடக்கும் அல்லவா, மேசையில் ஜெயித்த பொய்மீனை அதைச் செய்தவரே பனி உருகியதும் படகுக்குப் பின்னால் இழுத்து எல்லோருக்கும் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் காப்பி. அந்த விதியைப் போட்டதே அப்பாதான். மேசையில் தண்ணீர் இல்லை என்று சொல்லி, கை ஓங்கி, ஓட்டு வாங்கிப் போட்ட விதி. இந்தப் பளபளப்புக்காரர்கள் வந்த பிறகும் அதை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஜனவரி பாதி தாண்டி நாள் கொஞ்சம் நீளத் தொடங்கியதும், நம் நாட்டில் அது எவ்வளவு என்று உனக்குத் தெரியும், அப்பா பட்டைத் துண்டு ஒன்றைக் கேட்டார். மேசை இடுக்கியில் இறுக்கிப் பிடிக்கச் செய்து, இடது கையால் செதுக்கினார். பார்க்க வயிறு எரிந்தது, கத்தி ஒவ்வொரு முறையும் வழுக்கும், எதுவும் சொல்ல மாட்டார், மறுபடி வைப்பார். பல வாரம் ஆனது. கம்பியை நான் வளைத்தேன், ஈயத்தை அவர் சொன்ன இடத்தில் நான் ஊற்றினேன், மீனை ஆடவைக்கிற பிளாஸ்டிக் நாக்கை அவரே செருகினார். வண்ணம் பூசாத அந்த வெறும் உடம்பை, சவுனாவில், அந்த நீராவிக் குளியலறைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நான் குச்சியில் நூல் கட்டி இழுத்தேன். ஆடியது கைசு. முதுகு கொஞ்சம் கோணல், மூக்கு மழுங்கல், ஆனால் வாலை வெட்டி வெட்டி ஆடிக்கொண்டு வந்தது. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். நல்லது என்றார். கஞ்சிக்குச் சொன்ன அதே நல்லது.

அப்புறம் வந்தார்கள் புண்ணியவான்கள். சுலோவும் ஹெய்மோ டாக்டரும், கேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு. குழந்தையிடம் பேசுகிற குரலில் சத்தமாகப் பேசினார்கள், அர்மாஸுக்குக் கை போயிருக்கிறது, இவர்கள் செவிடு என்று நினைத்துக்கொண்டார்கள். மீனை எடுத்துப் பார்த்து, இதை நாங்கள் முடித்துக் கொடுக்கிறோம் என்றார் டாக்டர். பழைய அர்மாஸாக இருந்தால் அவருடைய சுரண்டியைக்கூட இன்னொருவர் தொட முடியாது, நீ சின்ன வயதில் தொட்டுவிட்டு வாங்கிய திட்டு ஞாபகம் இருக்கும். இந்த அர்மாஸ் சிரித்தார். நல்லது என்றார். கொடுத்துவிட்டார். நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று ஒரு தட்டை உடைத்தேன், தவறி விழுந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

மேசைப் போட்டிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுமேசையில், வெள்ளைத் துணிமேல், அந்த மீன். எனக்கு அடையாளமே தெரியவில்லை. தங்கமும் பச்சையும் ஊதி, செதில் செதிலாக மின்னி, கண்ணாடிக்குள் உறைந்த மாதிரிப் பூச்சு மேல் பூச்சு. முதல் பரிசு யாருக்கு என்று போட்டி தொடங்கும் முன்பே முடிவாகியிருந்தது, ஓட்டுப் போட்டவர்கள் சீட்டைக்கூடச் சரியாக மடிக்கவில்லை. பெயரைப் படித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எவ்வளவு நல்லவர்கள் நாம் என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. உயிரோடு இருக்கிறவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள், வேறென்ன. பரிசாக ஒரு காப்பி பிளாஸ்க் கொடுத்தார்கள், அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, பக்கத்திலிருந்தவள் ஆனந்தக் கண்ணீர் என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

வீட்டுக்கு வந்து அவர் தூங்கிய பிறகு மீனைக் கையில் எடுத்தேன். எடுத்ததுமே தெரிந்தது, கல் மாதிரிக் கனம். தொட்டியில் போட்டு இழுத்தேன். ஒரு தடவைகூட ஆடவில்லை, பக்கவாட்டில் சாய்ந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு, இழுத்த இழுப்புக்கு வந்தது. ஹெய்மோ டாக்டர் தன் மீன்களைக் கெட்டி மரத்தில் செய்கிறவர், அந்த மரத்துக்கும் அதற்குப் போடுகிற ஈயத்துக்கும் அவ்வளவு பூச்சு தாங்கும். பட்டை தக்கை மாதிரி, அதற்கு அப்பா சொல்லி நான் ஊற்றிய ஈயம் ஒரு முக்கு வார்னிஷுக்கு அளந்த ஈயம். முதுகில் அந்தக் கண்ணாடி மூட்டையை ஏற்றினால் கவிழாமல் என்ன செய்யும்? கழகத்தில் இதை ஒருவருமே யோசிக்கவில்லை. தண்ணீரில் போட்டுப் பார்க்கவும் இல்லை, பளபளப்புக் கெட்டுவிடும் அல்லவா.

மறுநாளே சுலோ வீட்டுக்குப் போனேன். அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம், எனக்கு அவனிடம் மரியாதை பார்த்துப் பேச வேண்டியதில்லை. பூச்சைச் சுரண்டி எடு, இல்லையென்றால் படகு ஓட்டத்தையாவது நிறுத்து, ஊர் முன்னால் அவர் கவிழ்ந்த மீனை இழுத்துக்கொண்டு போகிறதைப் பார்க்க என்னால் முடியாது என்று சொன்னேன். அவன் என்னைப் பார்த்து, ரொம்ப அன்பாக, தோளில் கை வைத்துச் சொன்னான். "விடு அய்லி. நாங்க எல்லாரும் கைதட்டிடுவோம். அவனுக்கு என்ன தெரியப்போகுது இப்போ?"

அதைக் கேட்டுவிட்டு நான் திட்டவில்லை, நம்புவாயா? திட்ட வாய் வரவில்லை. காரணம், அதே கேள்விதான் எனக்குள்ளும் இருந்தது, இலையுதிர் காலத்திலிருந்து. அவருக்குத் தெரிகிறதா இல்லையா? உள்ளே ஆள் இருக்கிறாரா? வீட்டுக்கு வந்து சுரண்டியை எடுத்து வைத்துக்கொண்டு மீன் முன்னால் உட்கார்ந்தேன். நானே தேய்த்துச் சரிசெய்து, ஈயத்தை மாற்றி வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாமல். அப்புறம் சுரண்டியைத் திரும்ப மாட்டிவிட்டேன். வேண்டாம். அப்படியே போகட்டும். கவிழ்ந்து கிடக்கிற மீனைப் பார்த்தும் அவர் நல்லது என்று சொன்னால், நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட மனுஷர் அந்தக் கொட்டகையிலேயே போய்விட்டார் என்று தெரிந்துகொள்கிறேன், அதன் பிறகு இந்த மரியாதைக்காரரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டி வைத்துக்கொள்கிறேன், ஆனால் தெரியாமல் இருக்க மாட்டேன். கல்நெஞ்சம் என்று நீ சொல்லலாம். அந்த வாரங்களில் நான் இராத்திரி எப்படித் தூங்கினேன் என்று கேட்காதே.

எட்டு நாளைக்கு முன்னால், சனிக்கிழமைதான் படகு ஓட்டம். காற்று இன்னும் குளிராகவே இருந்தது, துறையில் மேசை போட்டு ஏலக்காய் ரொட்டி, சுட்ட சாசேஜ், காப்பி எல்லாம் தயாராக இருந்தது, ஊரில் பாதி வந்திருந்தது. சுலோ துடுப்புப் போட, அப்பாவைப் பின்பலகையில் உட்காரவைத்து, இடது கையில் தூண்டில் கழியைக் கொடுத்து, விழாமல் பிடித்துக்கொள்ள நான் பக்கத்தில். மீனைத் தண்ணீரில் விட்டார். துறைக்கு முன்னால் மெதுவாகப் போனோம். நூல் இறுகியது, அது மேலே வந்து, சாய்ந்து, வயிறு மினுங்க, செத்தது மாதிரிப் பின்னாலேயே வந்தது. துறையில் எல்லோரும் கைதட்டினார்கள். ஹெய்மோ டாக்டர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார், அற்புதம் அர்மாஸ், அற்புதம் என்று குரல் கொடுத்தார். நான் மீனைப் பார்க்கவில்லை, இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்தது. அந்த வார்த்தைதான் வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் சொன்னார், திருப்பு. சுலோ படகைத் திருப்பினான், மறுபடியும் துறைக்கு முன்னால் போனோம், மறுபடியும் கைதட்டினார்கள், கொஞ்சம் குறைவாக. மறுபடி, திருப்பு. இந்தத் தடவை யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை, இரண்டு மூன்று பேர் தட்டிவிட்டு நிறுத்திவிட்டார்கள், அதற்கப்புறம் துடுப்புச் சத்தம்தான். துறைக்கு நேராக வந்ததும் நிறுத்தச் சொன்னார். கழியை என்னிடம் கொடுத்தார். நூலை இழுத்து, மீனைக் கையில் எடுத்து, கட்டைவிரல் நகத்தால் முதுகைக் கீறிப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தார், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க. அப்புறம் சுலோவைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையையும் கல்லைப் புரட்டுகிற மாதிரிப் புரட்டி எடுத்து வைத்தார்.

"என் மீனைக் கொன்னது யாருடா?"

சுலோ துடுப்பைப் படகுக்குள் இழுத்து வைத்தான். பிறகு மெல்ல, நாங்கதான்டா, நல்லா இருக்கட்டும்னு செஞ்சோம் என்றான். உன் அப்பா அவனிடம், உனக்கு முப்பது வருஷமா கண்ணு இருந்துச்சே, அதை எந்தக் கடையில அடகு வச்ச என்று கேட்டார். இது ஒரே மூச்சில் வரவில்லை, நடுவில் எச்சிலைத் துடைக்க வேண்டியிருந்தது, நான் துடைக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார். அந்தத் தட்டல் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அதன் பிறகு துறைப் பக்கம் திரும்பினார். தண்ணீர் மேல் குரல் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும், மெதுவாகச் சொன்னாலும் கரைக்குக் கேட்கும்.

"இது மீன் இல்ல, டாக்டர் கட்டின பல்லு. கவுந்து கிடக்கிறதைப் பாத்துக் கைதட்டினவன் எல்லாம் கழுதை. மூணு தடவை பாத்தேன், ஒருத்தன்கூட வாயத் தொறக்கல."

கைசு, நான் படகில் உட்கார்ந்து சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம், முகத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் வழிந்தது. அந்தப் பெரிய மனிதர்கள், பளபளப்புப் பிரபுக்கள், துறையில் பாதி ரொட்டியோடு நின்றார்கள். ஹெய்மோ டாக்டரின் காது சிவந்ததைப் படகிலிருந்தே பார்த்தேன், பார்த்து நிறைவடைந்தேன், ஒளிக்க மாட்டேன். கரைக்கு வந்ததும் அப்பா பிளாஸ்கை டாக்டரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். ஒன்று மட்டும் அந்த டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும், எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும். அவர் ஓடிப் போகவில்லை. எல்லோர் முன்னாலும் வந்து, நான் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை அர்மாஸ், மன்னிச்சிருங்க என்றார். உன் அப்பா, மன்னிப்பு எதுக்கு, உப்புத்தாள் எடுத்துட்டு வா என்றார். திங்கட்கிழமை வந்தார். நம் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பட்டை தெரியும்வரை தேய்த்தார், இவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மெல்ல மெல்ல என்று சொல்லிக்கொண்டே, படித்தவன் கையா இது, பசு நாக்கா இது என்று விடாமல் திட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் மறுநாளும் வந்தார். அவருக்கு என்ன ருசியோ.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது, அவசரமாகப் படித்துவிட்டு மடிக்காதே. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சவுனாவில் அவருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். ஏன் இத்தனை மாதம் எல்லாவற்றுக்கும் நல்லது நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள், மூளை போய்விட்டது என்று நான் பயந்து செத்தேனே என்று கேட்டேன். அவர் அடுப்புக் கல் மேல் தண்ணீர் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். ஆவிக்குள்ளிருந்து சொன்னார், எல்லாரும் சிரிச்ச முகமா வந்தாங்க அய்லி, ஒத்தக் கைய வச்சிக்கிட்டு நான் யார்கிட்ட சண்டை போடறது, கோவிச்சிக்கிட்டு ஒருத்தரும் வராம போயிட்டா? அப்புறம் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இது போச்சு, இனிமே வராது, எனக்குத் தெரியும் என்றார். விழுந்த நாளிலிருந்து அதை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அவரைத் தேற்றவில்லை. ஆமாம், போச்சு என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம், வியர்வையா கண்ணீரா என்று பிரித்துப் பார்க்க அங்கே யாரும் இல்லை. ஆகவே நீ சாந்தம் என்று எழுதினாயே, அது பயம். உன் அப்பா, ஊரையே பொழுதுக்கும் அதட்டிய அந்த மனுஷர், நாம் விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று பயந்து எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவர்களும் ஆஸ்பத்திரி டாக்டரும் நீயும் அதைப் பார்த்து ஆஹா என்றீர்கள். உன்னை மட்டும் சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தவள், எனக்கும் மூளை போய்விட்டது என்றுதான் தோன்றியது, பயம் என்று தோன்றவில்லை. ஆனால் இனிமேல் அவர் போனில் எதையாவது நல்லது என்று சொன்னால் ஏமாறாதே, எதிர்த்துப் பேசு, வம்புக்கு இழு, அவருக்கு அது மருந்து. மாப்பிள்ளையையும் பயப்படாமல் பேசச் சொல், அந்த ஊறவைத்த துணிக்கும் ஒரு நாள் முறுக்கேறட்டும்.

குழந்தைக்குப் பல் முளைத்தால் ரொட்டியின் கெட்டி ஓரத்தைக் கடிக்கக் கொடு, கடையில் விற்கிற ரப்பர் வளையம் வேண்டாம். வெயிலில் தொப்பி இல்லாமல் அனுப்பாதே. நீ வேலை வேலை என்று சாப்பிடாமல் ஓடுகிறாய் என்று குரலிலேயே தெரிகிறது, காலையில் ஒரு வாய் கஞ்சியாவது குடி. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தூக்கத்திலும் விழிப்பிலும் காத்து நிற்கட்டும், உன் வீட்டில் விளக்கும் அடுப்பும் அணையாமல் இருக்கட்டும்.

இதை மூடப்போகும்போது அப்பா, இப்போது நாலு அடி நடக்கிறார், தடியை ஊன்றிக்கொண்டு சமையலறைக்கு வந்து, யாருக்கு இவ்வளவு நீளம் என்று கேட்டார். கைசுவுக்கு என்றேன். எதிரில் உட்கார்ந்து, ஒரு வரி எழுது என்றார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "இந்தக் கோடைக்கு வர முடியல, அடுத்த வருஷம் பாக்கலாம்ப்பான்னு போன்ல சொன்னா. நான் நல்லதுன்னு சொல்லிட்டேன். அது நல்லதில்ல. வரச் சொல்லு."

இப்படிக்கு,
உன் அம்மா,
அய்லி